வேதமும் நிறபேதமும்
தென்னாப்பிரிக்காவின் நிறபேத ஆட்சி 1948-ல் பிறந்ததென்று சொல்வது வழக்கம். ஆனால் அதன் வித்து சட்டசபையில் விழுமுன்னரே கோயிலில் விழுந்துவிட்டது. கால்வினைப் பின்பற்றும் டச்சு சீர்திருத்த சபையார் 1857-ல் மகாசபை கூடினர். எல்லா நிறத்தாரும் ஒருங்கே வழிபடுவதே வேதத்திற்கு ஒத்தது என அவர்களே ஒப்புக்கொண்டனர். எனினும், சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்து வழிபடவும் அனுமதி அளித்தனர். பலவீனம் எவருடையது என்பதை நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

சலுகை வெகு விரைவில் விதியாயிற்று. 1881-ல் கலப்பினத்தாருக்கெனத் தனிச் சபையே ஏற்பட்டது. 1974-ல் வெளியான அறிக்கையோ, பாபேல் கோபுர வரலாற்றையும் துணைக்கு அழைத்து, இனங்களைப் பிரித்து வைப்பதற்கு வேத ஆதாரம் தேடிற்று. பலவீனத்திற்கு அளித்த இடம் தெய்வ சித்தமாகவே உயர்ந்துவிட்டது!

இதை ஆக்ஷேபித்து, பேயர்ஸ் நௌடே என்னும் வெள்ளையப் போதகர் 1963-ல் தம் பதவியைத் துறந்தார். 1977-ல் சர்க்கார் தடையுத்தரவு பிறப்பித்து அவர் வாயை அடைத்தது. 1982-ல் ஒட்டாவாவில் கூடிய உலக சீர்திருத்த சபைகளின் சங்கம், நிறபேதத்திற்கு வேதத்தில் நியாயம் கற்பிப்பது வேதப்புரட்டே என்று தீர்மானித்தது. அவ்வருஷமே கலப்பினத்தார் சபை பெல்ஹாரில் ஒரு விசுவாச அறிக்கையை வரைந்து, 1986-ல் அதை ஏற்றுக்கொண்டது.

சமயத்தார் அரசியலில் தலையிடலாகாது என்று அப்போது சிலர் முறையிட்டனர். 1857-ல் நடந்தது தலையீடு அல்லாமல் வேறென்ன?

1994-ல் கலப்பினத்தார் சபையும் ஆப்பிரிக்கர் சபையின் பெரும்பகுதியும் ஒன்றுபட்டன. வெள்ளையர் சபை அதில் சேரவில்லை. பெல்ஹார் அறிக்கையைத் தன் சபைச் சட்டத்தில் சேர்க்கும் யோசனைக்கும், 2015-ல் அதன் பிராந்திய மகாசபைகளில் போதிய ஆதரவு கிட்டவில்லை.