நெஞ்சுரமும் நெஞ்சு நலமும்

‘நெஞ்சுரம் மிக்கவன்’ என்று ஆண்மகனைப் புகழ்வது நம் வழக்கு. அப்புகழே ஆடவர் பலரை வைத்தியர் வாயிலை அணுகவொட்டாது தடுக்கின்றதோ என்று யான் ஐயுறுகின்றேன்.

இலங்கையில் நிகழும் மரணங்களுள் நூற்றுக்கு எண்பதளவு தொற்றாநோய்களால் விளைவன. அவற்றுள் முதலிடம் இதயத்தையும் குருதிக் குழாய்களையும் பற்றிய நோய்களுக்கே. இவற்றை முன்னறியும் பொருட்டுச் சுகாதார அமைச்சு 2011ஆம் ஆண்டு முதல் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை நாடெங்கும் அமைத்தது. முப்பத்தைந்து வயது கடந்தோர் ஆங்குச் சென்று உடல்நிறை, இரத்த அழுத்தம், குருதிச் சர்க்கரை ஆகியவற்றைப் பணமின்றிச் சோதித்துக்கொள்ளலாம். வரும் 10 ஆண்டுகளில் மாரடைப்போ பாரிசவாதமோ நேரக்கூடிய வாய்ப்பையும் அட்டவணை கொண்டு கணித்துரைப்பர். ஆயினும் வருவோருள் பெரும்பாலார் பெண்களே. ஆடவர் எங்கே?

ஆடவரின் அறியாமையே காரணம் என்று முடிவுகட்டுதல் எளிது. அது முழு உண்மை அன்று. பெண்ணொருத்தி கருவுற்ற நாள்தொட்டுக் கிளினிக்கிற்குச் செல்லப் பழகுகின்றாள். குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டு செல்பவளும் அவளே. ஆணுக்கோ பாடசாலை மருத்துவப் பரிசோதனையே இறுதிச் சோதனை. மேலும், நிலையம் திறந்திருக்கும் வேலைநாட் பொழுதில் கூலியாள் வயலில் நிற்பான். கடற்றொழிலாளி வலையோடு நிற்பான். ஒருநாட் கூலியை இழந்து, நோவில்லாத உடம்பைக் காட்ட எவர் வருவர்?

நோவின்மையே இங்குப் பெரும்பகை. 140/90 என்னும் எல்லையைத் தாண்டிய இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி உடலைக் கெடுக்கும். மாரடைப்பே அதன் முதல் அறிகுறியாதலும் உண்டு.

எங்கள் புதுக்குடியிருப்பில் இது சிறிய செய்தியன்று. 2009இல் வைத்தியசாலையும் எறிகணைக்கு இலக்கான ஊர் இது. அன்று உயிர்பிழைத்த இளைஞர் இன்று நாற்பதும் ஐம்பதும் எய்தியுள்ளனர். போரிற் கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் இம்மாவட்டத்திற் பல. எஞ்சிய தந்தையரையும், கையிற் சுற்றும் பட்டியும் ஒரு துளிக் குருதியும் முன்னரே காட்டியிருக்கக்கூடிய நோய்க்குப் பலிகொடுத்தல் தகுமோ?

பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. ஆண்டுதோறும் மாணவரை வரிசைப்படுத்தி மருத்துவரிடம் அனுப்பிய யான், ஒருமுறையேனும் என் கையை நீட்டியதில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, பாதிக்கு மேல் உண்ணும் முறையையே பேசுகின்றது என்று வகுப்பில் விரித்துரைப்பேன். வீடு சென்றதும் கருவாட்டுக் குழம்புக்கு இருமுறை சோறு கேட்பேன். சென்ற ஆண்டு, மனைவியாரின் வற்புறுத்தலுக்கு அஞ்சிச் சென்றேன். இரத்த அழுத்தம் 170/100 என்றனர். அன்றுதொட்டு நாளும் ஒரு மாத்திரை. குழம்பில் உப்பும் பாதி.

மாலைப் பொழுதிலும் ஞாயிறன்றும், மீன் இறங்குதுறையிலும் கமநல நிலையத்திலும் இச்சோதனை நடைபெறுதல் வேண்டும். இஃது அரசின் கடன். ஆசிரியர்க்கும் ஒரு கடன் உண்டு. பிள்ளைகளின் மருத்துவப் பரிசோதனை நாளில் அவர்தம் தந்தையரையும் அழைத்துச் சோதிக்குமாறு சுகாதார வைத்திய அதிகாரியை வேண்டுவோம். அவ்வரிசையில் முதலாவதாக நாமே நிற்போம்.