வருமுன் காப்பது யார்?

வரக்கூடிய கேட்டை முன்னரே தடுத்துக்கொள்ளாதவனின் வாழ்வுக்கு, நெருப்பின் முன் நின்ற வைக்கோற்போரை உவமையாகக் காட்டினார் வள்ளுவர். அக்குறளைப் பாடசாலைகளிலே மனனஞ் செய்விக்கிறோம், உவமையணிக்கு உதாரணமாக எழுதுவிக்கிறோம், புள்ளியும் வழங்குகிறோம். ஆயின், முழுப் புள்ளி பெற்ற அம்மாணவனே வீட்டில் பற்றியெரியும் எண்ணெய்த் தாச்சியிலே ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிவிடக்கூடும். அந்நீர் கணத்தில் ஆவியாகி, எரியும் எண்ணெயை முகத்திலே வாரியடிக்கும் என்பதையும், அடுப்பை அணைத்துத் தாச்சியை மூடிவிடுதலே தக்கது என்பதையும் அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

தீ விபத்தை விதியென்று சொல்லி ஆறுதலடையும் வழக்கம் எம்மிடையே உண்டு. அது விதியன்று என்பதை இந்நாட்டு வைத்தியர் ஒருவரே காட்டினார். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்குச் சரிந்து எரிகாயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தவர். காயத்தை ஆற்றுவதோடு நில்லாது, காயத்தை உண்டாக்கிய விளக்கையே திருத்த முனைந்தார். குட்டையான, பாரமான கண்ணாடிக் குப்பி. உருண்டோடாதபடி இரு தட்டையான பக்கங்கள். எண்ணெய் சிந்தாதபடி திருகி மூடும் உலோக மூடி. இவ்வளவே அவர் செய்த மாற்றம். 1998ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது அவரைத் தேடி வந்தது. விளக்கோ இலட்சக்கணக்கில் ஏழை வீடுகளைத் தேடிச் சென்றது.

மின்சாரம் பரவக் குப்பிவிளக்கு மறைந்து வருகின்றது. ஆபத்து மறையவில்லை; உருமாறிற்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் சமையல் எரிவாயு வெடித்த செய்திகளை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வாயு காற்றினும் பாரமானது. கசிந்தால் தரையிலே தங்கும். மணம் எழுந்தால் மின் ஆளியைத் தொடலாகாது. கதவு யன்னல்களைத் திறந்து வெளியேறல் வேண்டும். இதனை அறிந்த வீடுகள் எத்தனை? மலையகத்தின் லயன்களிலோ ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே ஒரு காம்பிராவின் அறியாமை அயற்காம்பிராக்களையும் எரிக்கும்.

"இது அரசாங்கத்தின் கடமையன்றோ?" எனச் சிலர் வினவுவர். தீயணைப்பு வண்டியைக் கேட்பது எமது உரிமையே, கேட்போம். ஆனால், அது நகரத்திலிருந்து வந்து சேருமுன் கழியும் முதல் ஐந்து நிமிடங்கள் அயலவருக்கே உரியவை. அந்த அயலவரைப் பழக்குவதற்குப் புதிய ஸ்தாபனம் எதுவும் வேண்டியதில்லை. சனசமூக நிலையம் இடங் கொடுக்கட்டும். தீயணைப்புப் படையினர் ஆண்டுக்கொருமுறை வந்து செய்து காட்டட்டும். அடுப்படிவரை செல்லும் உரிமை பெற்ற குடும்பநல மாது, எரிகாயத்திற்குப் பற்பசை பூசாது இருபது நிமிடம் ஓடும் நீரிலே பிடிக்கும்படி தாய்மாருக்குச் சொல்லட்டும். கற்பூரமும் வாணமும் எரியும் திருவிழாவிலே கோயில் நிர்வாகம் மணல்வாளிகளை வைக்கட்டும். ஒருவரால் இயலாதது பலர் கைகோத்தால் இயலும்.

ஒன்றை மட்டும் அஞ்சுகிறேன். மாலை, தலைமையுரை, நன்றியுரை என்று ஒருநாள் விழாவாக இது முடிந்துவிடலாகாது. தீயின் முன் கேட்ட பேச்சு உதவாது. பழகிய கையே உதவும். 2004ஆம் ஆண்டு யூலை 16ஆந் திகதி கும்பகோணத்துப் பாடசாலையொன்றிலே, சமையற்கூடத்து நெருப்பு ஓலைக்கூரையிற் பற்றி 94 பிள்ளைகளைக் கொண்டது. தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அந்த எண்ணை மறத்தல் தகாது.

அடுத்த தவணையில் அக்குறளை விளக்கும் ஆசிரியர், பொருள் கூறி முடித்ததும் மாணவரை எழுப்பி வகுப்பறையிலிருந்து ஒழுங்காக வெளியேறப் பழக்குவாராக. குறளுக்கு அதனினும் சிறந்த உரை வேறில்லை.