மாத்திரை மாறினால் மனம் தளர வேண்டாம்

இரும்புலியூர், தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு சானடோரியத்தைத் தெரியாமல் இருக்காது. 1928-ம் ஆண்டில் டாக்டர் சவுரிமுத்து காச நோயாளிகளுக்காக அதைத் தொடங்கினார். பக்கத்து ரெயில் நிலையத்துக்கும் அதே பெயர் நிலைத்து விட்டது.

1990-களில் எச்.ஐ.வி. கிருமி தொற்றியவர்களும் அந்த ஆஸ்பத்திரியைத் தேடி வந்தார்கள். இந்தியாவில் அந்தக் கிருமி முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள்.

அன்று அந்த நோய் என்றாலே மரணம்தான் என்று எண்ணினார்கள். 1996-ல் நிலைமை மாறியது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்குகிறது என்று டாக்டர்கள் கண்டார்கள். ஆனால் ஏழைகளுக்கு எட்டாத விலை! 2004-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, அரசாங்கம் அந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று.

மருந்து ஏன் தோற்கிறது?

மூன்று மருந்துகளும் மூன்று பூட்டுகள் போல. மூன்றும் பூட்டியிருக்கும் வரை கிருமி என்ற திருடன் உள்ளே வர முடியாது. இன்று மறந்தோம், நாளை ஊருக்குப் போனோம் என்று மாத்திரையை விட்டு விட்டு விழுங்கினால் என்ன ஆகும்? திருடன் பூட்டைத் திறக்கப் பழகிக் கொள்வான். அதன் பிறகு அதே மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் பலன் குறையும்.

இதை ரத்தச் சோதனையில் அறியலாம். ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை 1,000-க்கு மேல் போனால் டாக்டர்கள் எச்சரிக்கை அடைகிறார்கள். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடச் சொல்லி, மறுபடியும் சோதிக்கிறார்கள். அப்போதும் எண்ணிக்கை குறையாவிட்டால் மருந்தை மாற்றுகிறார்கள். இதற்கு இரண்டாம் வரிசை மருந்து என்று பெயர். 2008 ஜனவரியில் தாம்பரத்திலும் மும்பையிலும்தான் அரசாங்கம் இதை முதலில் கொடுத்தது.

எந்தப் பூட்டை மாற்றுவது?

இங்கேதான் ஆராய்ச்சி உதவுகிறது. உகாண்டா, கென்யா, ஜிம்பாப்வே நாடுகளில், முதல் மருந்து பலிக்காத 464 பேரிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அவர்கள் முன்பு சாப்பிட்டது டெனோபோவிர் சேர்ந்த மருந்து. அது தோற்றால் ஜிடோவுடின் கொடுப்பதே அதுவரை வழக்கம். ஒரு பாதிப் பேருக்கு அப்படியே ஜிடோவுடின் கொடுத்தார்கள். மறு பாதிப் பேருக்குப் பழைய டெனோபோவிரையே கொடுத்தார்கள். இரு சாராருக்கும் வேறு வலுவான மருந்தும் சேர்ந்தது.

இரண்டு ஆண்டுகள் ஆகும் தறுவாயில் சோதித்தார்கள். ஜிடோவுடின் சாப்பிட்டவர்களில் 100-க்கு 85 பேருக்குக் கிருமி அடங்கியிருந்தது. டெனோபோவிர் சாப்பிட்டவர்களில் 100-க்கு 92 பேருக்கு அடங்கியிருந்தது! தோற்றது என்று தள்ளிய மருந்தே முந்தி நின்றது. ஜிடோவுடினைத் தினம் இரண்டு வேளை சாப்பிட வேண்டும். சிலருக்கு ரத்த சோகையும் வரும். டெனோபோவிர் ஒரு வேளை போதும்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? எந்த மருந்தோடு எந்த மருந்து சேரும் என்பதை ஊகத்தால் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாத்திரையை நிறுத்துவதும் மாற்றுவதும் ஆபத்து.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

மருந்து மாறியவரை, "உன்னால் வந்த வினை" என்று ஏசாதீர்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். பிறர் பார்த்து விடுவார்களோ என்று மாத்திரையை ஒளித்து வைப்பவர்களும் உண்டு. வீட்டில் அன்பு இருந்தால் மாத்திரை தவறாது. வேளை வந்ததும், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். அதுவும் வைத்தியம்தான்.

கிருமி நன்றாக அடங்கியவரிடம் இருந்து உடலுறவு மூலம் பிறருக்கு நோய் பரவாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இந்த நோய் தொற்றாது. இந்த நோயாளிகளை ஒதுக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டில் சட்டமே வந்திருக்கிறது.

அரசாங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. ரத்தச் சோதனை உரிய காலத்தில் நடக்க வேண்டும். "மருந்து இருப்பு இல்லை, நாளைக்கு வா" என்ற பேச்சு ஒரு நாளும் எழக் கூடாது. நோயாளி ஒரு நாள் தவறினாலும், ஆஸ்பத்திரி ஒரு நாள் தவறினாலும் கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான்!