வரப்பில் நிற்பவர்கள்

"நல்ல விஷயம்னா ஜனங்க தானா வருவாங்க. வரலைன்னா அதுல ஏதோ கோளாறு." இந்தத் தீர்ப்பைச் சொல்லாத டீக்கடை நம் ஊர்களில் இல்லை. மன்னார்குடிப் பக்கம் நாலு வருஷமாக மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல்லைப் போட்டு, மற்றவர்களையும் போடச் சொல்லும் ஒரு தம்பிக்குப் போன தையில் இதைச் சொன்னவர் அவனுடைய சொந்தப் பெரியப்பா. ஆள் உயரம் வளர்ந்த பயிர் மழையில் சாய்ந்துகிடந்தது. மிஷின் இறங்க வழியில்லை; அரிவாள் பிடிக்க ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து, "நாலு வருஷமா கத்துற, எவன்டா கேட்டான்?" என்றார். தம்பி வாய் திறக்கவில்லை. அவனுக்காக நான் சொல்கிறேன்.

நல்லது தானாகப் பரவும் என்பது பொய். பெரியப்பா தலைமுறை அள்ளி எடுத்துக்கொண்ட ஆடுதுறை 27 ரகத்தையே பாருங்கள். 1960-இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. பிறகு இந்த ரகம் வந்தபோது விதை, உரம், சொசைட்டிக் கடன் எல்லாம் வீட்டு வாசலுக்கு வந்தன. கிராம சேவக்குகள் ஊர் ஊராக நடந்தார்கள். திருச்சி வானொலி அந்த நெல்லைப் பற்றி ஓயாமல் பேசியது. கடைசியில் ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்தார்கள். ஓர் அரசாங்கமே முட்டுக்கொடுத்து நிறுத்திய பயிர் அது. ஒற்றை ஆள் மூன்று மா நிலத்தில் செய்வதை அதோடு ஒப்பிட்டு 'எவன் கேட்டான்' என்று கேட்பது அநியாயம்.

இன்னொன்று, ஊர் பேசாமல் இருப்பதால் ஊர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ஆகாது. குத்தகைக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பயிர் சாய்ந்தாலும் நின்றாலும் அவர் குத்தகை அளந்தாக வேண்டும். ஐந்து மாசத்துக்கு மேல் வயலில் நிற்கிற, மூட்டை குறைவாகக் காண்கிற நெல்லை நம்பி அவர் எப்படி இறங்குவார்?  அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தயங்குகிறவர் பார்த்துக்கொண்டும் இருக்கிறார். தம்பியின் வரப்பில் வந்து நின்று, "உரம் எத்தனை தரம் போட்ட? தண்ணிக்குள்ள எத்தனை நாள் தாங்குச்சு?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று முடிவு கட்டியவன் இந்தக் கேள்விகளைக் கேட்கமாட்டான்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் 2006-இல் நெல் திருவிழா தொடங்கினார். அவர் வைத்த கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருஷம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். யார் கைதட்டினார்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை. விதை திரும்பி வந்ததா என்பதுதான் கேள்வி. 2018 டிசம்பரில் அவர் இறந்தபோது 170-ஐ ஒட்டிய பாரம்பரிய நெல் ரகங்கள் மீட்கப்பட்டிருந்தன. முதல் வருஷத்துக் கூட்டத்தை மட்டும் எண்ணிப் பார்த்துக் கைவிட்டிருந்தால் அவற்றில் பாதிகூட மிஞ்சியிருக்காது.

ஊர் கேட்காததாலேயே ஒரு வேலை சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. சாய்கிற பயிர் சாயத்தான் செய்யும். அதற்கு என்ன வழி என்று தம்பி யோசித்தே ஆகவேண்டும். அந்த யோசனை வயலில் நடக்க வேண்டும், டீக்கடைத் தீர்ப்பில் அல்ல. அந்தத் தீர்ப்பின் பெரிய கேடு, சொல்பவரை அது சும்மா உட்கார விடுவதுதான். 'கோளாறு' என்று சொல்லிவிட்டால் ஒரு பிடி விதையைத் தன் மண்ணில் போட்டுப் பார்க்கும் வேலை மிச்சம். செய்கிறவனையும் அது கெடுக்கிறது. அவன் பயிரைப் பார்ப்பதை விட்டுக் கூட்டத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறான். வயலுக்குப் போகவேண்டிய நாளில் மேடைக்குப் போகிறான்.

தம்பி, இந்த ஆவணியிலும் நாற்றங்கால் விடு. விதையைப் பதர் நீக்கிக் காயவைக்கும்போது 2 கிலோவைத் தனியாகக் கட்டிவை. பெரியப்பா வீட்டுக் கொல்லைப்பக்கம் தண்ணீர் தேங்கும் மூலை ஒன்று சும்மா கிடக்கிறது. அங்கே போடச் சொல்லி அவரிடமே கொடு. அறுவடை முடிந்ததும் 4 கிலோ கேட்டு வாங்கு.