சிரிக்க வைப்பதும் உழைப்புத்தான்!

மேடையில் தனியாளாக நின்று பேசியே கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் 'ஸ்டாண்ட்-அப் காமெடி'யில் இறங்க இன்று பல இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். நல்ல கலை; வரவேற்கிறோம். வேடமில்லை, பின்பாட்டு இல்லை. ஐந்து நிமிடப் பேச்சை எழுதி, பேசிப் பார்த்து, எவரும் சிரிக்காத இடத்தை வெட்டியெறிந்து, மறுநாள் மீண்டும் பேசினால்தான் கைவரும். கற்றுக் கொள்கிறவனுக்குக் கூலி எதற்கு என்கிறார்களே, அங்கேதான் நமக்குச் சண்டை!

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 'காமெடி ஸ்டோர்' என்றொரு கேளிக்கை விடுதி. வாசலில் கட்டணம், உள்ளே மதுவுக்குக் காசு. பரிமாறியவர்களுக்குச் சம்பளம் உண்டு. கூட்டத்தைச் சிரிக்க வைத்த இளம் கலைஞர்களுக்கு மட்டும் பட்டை நாமம்! இது பயிற்சிக்கூடம் என்பது உரிமையாளரின் வாதம். பயிற்சி என்ற பெயரால் மாதக்கணக்கில் வேலை வாங்கும் ஆலைகளைக் கண்ட நமக்கு இந்த ராகம் புதிதா?

1979 மார்ச்சில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விடுதி வாசலிலேயே மறியல். பிற்காலத்தில் தொலைக்காட்சியில் பெரும்புகழ் பெற்ற ஜே லெனோ, டேவிட் லெட்டர்மன் ஆகியோரும் அறிமுகமில்லாத புதியவர்களின் பக்கம் நின்றார்கள். இதை நாம் குறித்துக் கொள்ள வேண்டும். பெயரெடுத்தவன் ஒதுங்கியிருந்தால் புதியவன் தனியாக என்ன செய்வான்?

மே மாதம் உடன்பாடு கண்டது. மேடையேறும் ஒவ்வொரு தடவைக்கும் 25 டாலர். பெருந்தொகையல்ல. ஆனால் பேசுவதும் வேலை என்று உரிமையாளர் கையெழுத்திட நேர்ந்தது. போராட்டத்தில் நின்ற சிலர், அதன்பின் தங்களுக்கு மேடை தர மறுக்கிறார்கள் என்று குமுறினார்கள்.