ஆடிப் பார்த்தவர் யார்?

1980-இல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்தது. உலகத்துத் தெய்வங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் உயிர்ப்புள்ளி எத்தனை, கவச எண் எத்தனை, ஒரு சுற்றில் எத்தனை அடி அடிக்கும் என்று பட்டியல் போட்ட புத்தகம். ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ என்று பெயர். அதில் இந்தியத் தொன்மத்துக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. இந்திரன், அக்னி, காளி எல்லாரும் இருந்தார்கள்; கார்த்திகேயனும் இருந்தார். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுத்துப் போகிற ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கோபப்பட்டிருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. சிரித்திருக்கலாம். முருகனையே சாய்க்க எத்தனை புள்ளி வேண்டும் என்று கேட்டுப் பகடையைக் கையில் எடுத்தும் இருக்கலாம். புத்தகம் அச்சேறும் முன் அது அவர் கண்ணில் பட வழி இருந்ததில்லை.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கற்பனைக் கதையாட்டத்தின் துணைநூல் அது. ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். கூத்தில் வரும் கட்டியங்காரனைப் போல ராஜாவை அழைத்துவருவதும் அவர்தான், வழியில் போகிற கிழவியாகக் குரல் மாற்றிப் பேசுவதும் அவர்தான். பள்ளத்தைத் தாண்ட முடிந்ததா, பூதத்தின் மேல் அடி விழுந்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஜெயித்தவர், தோற்றவர் என்று கடைசியில் யாரும் இல்லை. கதை அடுத்த வாரத்துக்கு நீளும்.

இந்த ஆட்டமே வெள்ளோட்டத்தில் பிறந்ததுதான். மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் தம் நண்பர்களை வைத்து ‘பிளாக்மூர்’ என்ற ஊரின் கதையை ஓட்டிக்கொண்டிருந்தார். 1972-இல் அதை விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவுக்குக் கொண்டுவந்து கேரி கைகாக்ஸிடம் ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் காப்பீட்டுக் கம்பெனி வேலையை இழந்து, சப்பாத்து பழுது பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதர். அவரும் ஒரு கோட்டையை வரைந்தார், அதன் அடியில் நிலவறைகளை வரைந்தார், தம் பிள்ளைகள் எர்னி, எலீஸ் இருவரையும் முதலில் உள்ளே இறக்கிவிட்டார். எழுதுகிறவர் மனசில் கச்சிதமாக இருக்கும் விதி பிள்ளைகள் கையில் பட்டதும் எங்கெங்கே ஓட்டை என்று காட்டிவிடும். பிறகு ஐம்பது பக்க வரைவு ஒன்று தெரிந்த ஆட்டக்காரர்களுக்கெல்லாம் போனது. 1974 ஜனவரியில் ஆயிரம் பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று சிறு புத்தகங்கள், விலை பத்து டாலர்.

ஆடி ஆடி விதியைத் திருத்துவது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க நம் வீடுகளில் பரமபதம் உருட்டினார்கள். எந்தப் பாம்பு எங்கே கடிக்கும், எந்த ஏணி எதுவரை ஏற்றும் என்பது படத்துக்குப் படம் மாறும். அந்த ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும், அங்கே அதற்குப் புதுப் பதிப்பு போட்டுக் குழந்தைகளுக்கு விற்றார்கள். பரமபதம் போய்விட்டது, பாம்பும் ஏணியும் மிஞ்சின. அந்தப் பதிப்புக்கு நம்மிடம் யாரும் வெள்ளோட்டம் விடவில்லை.

கதையாட்டத்தின் உலகில் பொதுமக்களை அழைத்து வெள்ளோட்டம் விடும் வழக்கம் பிந்தித்தான் வந்தது. 2008-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ நான்காம் பதிப்பு பழைய ஆட்டக்காரர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. அதே ஆண்டு பைசோ நிறுவனம் ‘பாத்ஃபைண்டர்’ என்ற போட்டி ஆட்டத்தின் விதிகளை வரைவாகவே எல்லார் கையிலும் கொடுத்து, ஓராண்டு ஆடவிட்டு, 2009-இல் புத்தகமாக்கியது. பாடம் படித்த, ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2012 மே மாதம் தன் அடுத்த பதிப்பின் வரைவைத் திறந்துவிட்டது. ஆடிப் பார்த்தவர்கள் 175,000 பேருக்கு மேல் என்று அது சொன்னது. நிலைமை சாதகமாக இருந்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள், பாதகமாக இருந்தால் சிறியதை எடுத்துக்கொள் என்ற விதி அப்போது மேசைக்கு வந்தது. கூட்டல் கழித்தல் அட்டவணைகளை ஒரே வீச்சில் ஓரங்கட்டிய அழகான விதி அது. 2014-இல் ஐந்தாம் பதிப்பு வெளியானது. மறுபடி 2022 ஆகஸ்டில் அடுத்த வெள்ளோட்டம். பூதங்கள் இனி இரட்டிப்பு அடி அடிக்காது என்று முதல் வரைவு சொன்னது. ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த வரைவில் பூதங்களுக்கு அந்த அடி திரும்பக் கிடைத்தது. திருத்திய புத்தகம் 2024 செப்டம்பரில் கடைக்கு வந்தது.

இதில் ஒரு கணக்கு உண்டு. கருத்துக் கேட்புப் படிவத்தில் நூற்றுக்கு எழுபது பேர் திருப்தி என்றால் விதி நிற்கும். குறைந்தால் மாற்றி எழுதப்படும், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும். ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்கும்போது வேறு வழியில்லைதான். ஆனால் 2020 கணக்கெடுப்பில் நாட்டின் குடிமக்களில் 6.7 சதவீதமாக எண்ணப்பட்ட மலேசிய இந்தியர்களுக்கு, எழுபது சதவீதத்துக்குள் தம் குரல் எங்கே போகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. படிவம் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. அதை நிரப்புகிறவர் ஏற்கெனவே ஆங்கிலத்தில் அந்த ஆட்டத்தை ஆடிப் பழகியவர். விதி நன்றாக ஓடுகிறதா என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியும். இந்த உலகம் யாருடையது என்று படிவம் கேட்பதில்லை.

ஈப்போ இருக்கும் பேராக்கில் விதிகளுக்கு ஒரு நெடிய சரித்திரம் உண்டு. 1877-இல் கோல கங்சாரில் நட்ட சில கன்றுகளில் தொடங்கியது இம்மாநிலத்து ரப்பர். அதைச் சுற்றி எழுந்த தோட்டங்களில் எத்தனை மணிக்குப் பெரட்டு, எத்தனை மரம் ஓர் ஆளின் பங்கு, பால் குறைந்தால் கூலியில் எவ்வளவு பிடிப்பு என்பதெல்லாம் துரை பங்களாவில் முடிவாகி, கிராணி வழியாக, தண்டல் வழியாக லயத்துக்கு வந்து சேர்ந்தன. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணிகள் மூலம் ஆள் கொண்டுவருவது 1938-இல் இந்திய அரசு தடை போட்டதும் நின்றது. கொண்டுவந்தபோதும் நிறுத்தியபோதும் மரம் வெட்டியவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அதே லயத்து வாசலில் கரியால் கட்டம் கீறித் தாயம் ஆடினார்கள். அங்கே சட்டம் வேறு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது பொது. வெட்டுப்பட்ட காய்க்கு என்ன கதி, வெட்டாமலே பழமாகலாமா, மூன்று முறை தொடர்ந்து பெரிய எண் விழுந்தால் கணக்கில் சேருமா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு. சண்டை வரும். கிழவி ஒருத்தி தீர்ப்புச் சொல்வாள், அடுத்த ஆட்டம் அந்தத் தீர்ப்பின்படி நடக்கும். அதை வெள்ளோட்டம் என்று அழைக்க அவளுக்குத் தோன்றியிருக்காது. உலகப் பெரும் கம்பெனி இன்று படிவம் வைத்துச் செய்கிற காரியத்தை அவள் வெற்றிலை மென்றுகொண்டே செய்தாள்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் 1974-ஆம் ஆண்டு விதிகளில் ஒரு பொற்காசுக்கு ஓர் அனுபவப்புள்ளி. புதையலைக் கொண்டுவந்தவன் பலசாலி ஆவான். இதுதான் அன்றைய ஆட்டத்தின் அடித்தளம். பேராக்கில் இதை ஆடிப் பார்த்திருந்தால்? நிலவறைக்குப் பஞ்சமே இல்லாத மாநிலம் இது. ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகளும் குகைகளும். பத்து காஜா அருகே கெல்லி காஸல் நிற்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித், மதராஸிலிருந்து வேலையாட்களை வரவழைத்துக் கட்டத் தொடங்கிய மாளிகை. வேலையாட்கள் விஷக்காய்ச்சலில் மாண்டார்கள். அவர்கள் கேட்டபடி துரை பக்கத்தில் மாரியம்மன் கோயில் எழுப்பிக் கொடுத்தார். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது. சுரங்கப்பாதை, மறைவறை என்று சுற்றுலாப் பயணிகளுக்கு இன்றும் கதை சொல்கிறார்கள். அந்த இடத்தில் பொற்காசு தேடி ஒரு குழுவை இறக்கினால், நம் மேசையிலிருந்து முதலில் எழும் கேள்வி, இந்தப் பொன் யாருடைய வியர்வை என்பதாக இருக்கும். விதிப்புத்தகத்தில் அதற்கு அட்டவணை இல்லை.

இன்னொரு கதைக்களமும் நம்மிடம் இருக்கிறது. ஐம்பதுகளில் தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். 1960-இல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டி, தாங்கள் வேலை செய்த தோட்டங்களையே வாங்கினார்கள். ஐந்து பேர் பகடையோடு உட்கார்ந்து, கையிலிருக்கும் காசைப் பங்கில் போடுவதா, பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு வைப்பதா, தோட்டம் கைமாறும் முன் ஊரைக் கூட்டுவது எப்படி என்று ஆடினால், அதில் எதற்கு அனுபவப்புள்ளி கொடுப்பது? இதை ஆடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்த அறையில் உட்கார்ந்து யோசித்தாலும் விடை வராது.

காலம் மாறாமல் இல்லை. 2022-இல் வந்த ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டாடல்’ என்ற ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கதைத் தொகுப்பை இந்திய வம்சாவளி அஜித் ஜார்ஜ் இணைந்து வழிநடத்தினார். கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் வங்கத்தின் ஆறும் மூடுபனியுமாக ஒரு கதை எழுதினார். நம் நாட்டில் செடெக் சியூ எழுத, முன் காவோ வரைய, ‘எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்’ என்ற சிறுநூல் வரிசை தென்கிழக்காசிய முதலைகளையும் கழிமுகங்களையும் மேசைக்குக் கொண்டுவந்தது; வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். பால்மரக் காட்டின் கதை அந்த மேசைக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.

வருவதற்குத் தடை ஏதும் இல்லை என்பதை இளைஞர்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும். 2023 ஜனவரியில் பிறரும் தன் விதிகளை எடுத்தாள விட்டிருந்த திறந்த உரிமத்தை விசார்ட்ஸ் இறுக்கப் பார்த்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். கம்பெனி படிவம் கொடுத்தது, பதினைந்தாயிரம் பேருக்கு மேல் நிரப்பினார்கள், பத்தில் ஒன்பது பேர் எதிர்த்தார்கள். அந்த மாதம் முடியும் முன்பே கம்பெனி பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. 2025-இல் புதிய பதிப்பின் விதிகளும் அதே வழியில் வந்தன. இனி அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது.

ஆகவே ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் இருக்கிற பிள்ளைகளே, அந்த விதிகளை எடுத்துத் தமிழில் ஆடிப் பாருங்கள். முழுப் புத்தகமும் வேண்டாம். முதல்நிலைப் பாத்திரங்களுக்கு வேண்டிய சில பக்கங்கள் போதும். தமிழ்ப்பள்ளி மண்டபமோ கோயில் கூடமோ ஒரு மாலை கிடைத்தால் போதும். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டி யாரையாவது மேசையில் உட்கார வையுங்கள், அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே தலையை ஆட்டி மறுக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். பொருந்தாத விதியை மாற்றுங்கள், மாற்றியதை மறுபடி ஆடுங்கள், அச்சடித்து விற்கவும் செய்யலாம். அந்த உரிமம் முக்கியமாகக் கேட்பது, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிட்டு, என்ன மாற்றினீர்கள் என்று சொல்லவேண்டும் என்பதுதான்.