ஆற்றைக் கடந்த பின்

பைபிளில் ஆறுகள் பெரும்பாலும் கடப்பதற்காகவே வருகின்றன. ஆபிரகாம் யூப்ரடீசைக் கடந்து வந்தவர். 'எபிரேயன்' என்று அவரைக் குறிப்பிடும் இடத்தில் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'கடந்து வந்தவன்' என்றே எழுதியிருக்கிறது. யாப்போக்கு ஆற்றுத் துறையில் இரவெல்லாம் மல்லுக்கட்டிய யாக்கோபு, பொழுது விடியும்போது நொண்டிக்கொண்டு, இஸ்ரவேல் என்ற புதுப் பெயரோடு நடக்கிறார். எலியாவும் எலிசாவும் சேர்ந்து யோர்தானைக் கடக்கிறார்கள்; திரும்பி வருவது எலிசா மட்டும். இயேசு ஞானஸ்நானம் பெற்றதும் அதே யோர்தானில்தான்.

எல்லாவற்றிலும் பெரிய கடத்தல் யோசுவாவுடையது. யோர்தான் அப்படியொன்றும் பெரிய நதி அல்ல. சுமார் 250 கிலோமீட்டர் நீளம். நம் காவிரி 800 கிலோமீட்டர். ஆனால் அறுவடைக் காலத்தில் கரைபுரண்டு ஓடும். ஆசாரியர்களின் கால் பட்டதும் தண்ணீர் மேலே ஆதாம் என்ற ஊருக்கருகே குவியலாக நின்றுவிட்டது என்கிறது யோசுவாவின் புத்தகம். (கி.பி. 1267-லும் அதே பகுதியில் கரை சரிந்து நதி சில மணி நேரம் நின்றதாக ஒரு அரபு வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். விசுவாசிக்கும் ஆராய்ச்சியாளருக்கும் ஆளுக்கொரு காரணம்.) கோத்திரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கற்களை ஆற்றின் நடுவிலிருந்து எடுத்துக் கரையில் நாட்டினார்கள். பிள்ளைகள் 'இது என்ன கல்?' என்று கேட்க வேண்டும் என்பதற்காக.

பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்தக் கல்லோடு நின்றுவிடும. எனக்கு அதற்குப் பின்னால் வரும் கதைதான் முக்கியமாகப் படுகிறது. மைசூரில் இருந்துகொண்டு படித்தால் வேறு மாதிரிப் படவும் முடியாது.

மைசூரிலிருந்து 15 கிலோமீட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம், காவிரி நடுவே ஒரு தீவு. 1784-ல் மங்களூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்களைக் கூட்டம் கூட்டமாகச் சிறைபிடித்து இங்கே கொண்டுவரச் செய்தார் திப்பு சுல்தான். 30,000 பேர் என்பாரும் உண்டு, 60,000 என்பாரும் உண்டு. மலையிறங்கி ஆறு தாண்டி வந்தவர்களில் பலர் திரும்பவேயில்லை. 1799 மே 4-ம் தேதி கோட்டை விழுந்து திப்பு மாண்ட பிறகு, எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் மங்களூர் திரும்பினார்கள். ஒரு பகுதியினர் மைசூர்ச் சீமையிலேயே தங்கிவிட்டார்கள். சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்று சேர்க்க அந்த ஆண்டே வந்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா 1823 வரை இந்த நாட்டில் இருந்தார்.

பாதிப் பேர் திரும்ப, பாதிப் பேர் அக்கரையிலேயே தங்குவது யோசுவா காலத்துப் பிரச்சினையும்கூட. ரூபன், காத், மனாசேயில் பாதி ஆகிய கோத்திரங்களுக்கு யோர்தானின் கிழக்குக் கரையில் நிலம். மேற்கே சகோதரர்களுக்காகப் போரிட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில், ஆற்றோரம் பெரிய பலிபீடம் ஒன்றைக் கட்டினார்கள். மேற்குக் கரைக்காரர்கள் அதைத் துரோகம் என்று எண்ணிப் படை திரட்டிவிட்டார்கள். ஆனால் போருக்கு முன் பினெகாஸ் என்ற ஆசாரியரையும் பத்துத் தலைவர்களையும் ஆற்றுக்கு அப்பால் அனுப்பி, 'ஏன் கட்டினீர்கள்?' என்று கேட்டார்கள். பதில் உருக்கமானது. இது பலி கொடுக்க அல்ல, சாட்சிக்கு. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, 'நடுவில் ஆறு இருக்கிறது, உங்களுக்கு இங்கே பங்கில்லை' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். வந்தவர்கள் திருப்தியோடு திரும்பினார்கள். போர் நடக்கவில்லை.

அந்தப் பயம் பொய்யில்லை. நியாயாதிபதிகள் காலத்தில் கீலேயாத்தியர் யோர்தான் துறைகளைப் பிடித்துக்கொண்டு, கடக்க வந்த ஒவ்வொருவரையும் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமியர் வாயில் 'ஷி' வராது, 'சி' என்றார்கள். அந்த இடத்திலேயே வெட்டு. மாண்டவர்கள் 42,000 பேர் என்கிறது பைபிள். எப்பிராயீமும் மனாசேயும் யோசேப்பின் பிள்ளைகள். கீலேயாத் மனாசேயின் பேரன். ஆக, வெட்டியதும் வெட்டுப்பட்டதும் ஒரே குடும்பம். (நம்மில் எத்தனை பேர் அந்தத் துறையைத் தாண்டியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்!) 'ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பின் நீ யார் நான் யார்' என்று நம்மவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை.

தமிழுக்கும் கன்னடத்துக்கும் உள்ள தூரமும் பல சொற்களில் ஓர் எழுத்துதான். நமக்குப் பால், அவர்களுக்கு ஹாலு. நமக்குப் பத்து, அவர்களுக்கு ஹத்து. 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விட இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அது அரசிதழில் வந்ததும் பெங்களூரிலும் தெற்குக் கர்நாடகத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டி ஓடிவந்தார்கள். 2016 செப்டம்பரில் வாயைத் திறக்கக்கூடத் தேவைப்படவில்லை. வண்டியின் நம்பர் பிளேட்டே போதுமானதாக இருந்தது. சென்னையிலும் ராமேஸ்வரத்திலும் கர்நாடகத்தவர் மீது கை வைத்தவர்கள் நம் பக்கத்திலும் இருந்தார்கள்.

யோர்தானைப் பாடும் சபைகளாவது தப்பித்தனவா என்றால் அதுவும் இல்லை. பெங்களூர் உயர் மறைமாவட்டத்தில் திருப்பலி கன்னடத்திலா தமிழிலா என்ற தகராறு பல பத்தாண்டுகள் புகைந்தது. ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள் பீடத்தின் முன்னால் ஷிபோலேத் கேட்டுக்கொண்டார்கள். இதற்கு எதிர்ச்சாட்சியாக மைசூரில் ஒரு கல் இருக்கிறது. செயின்ட் பிலோமினா பேராலயத்துக்கு 1933 அக்டோபர் 28-ம் தேதி அடிக்கல் நாட்டியவர் கிறிஸ்தவர் அல்ல; மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார்.

யோர்தானே இன்று ஓர் எல்லைக் கோடு. இயேசு ஞானஸ்நானம் பெற்றதாகக் கருதப்படும் இடத்தில் இரு கரையிலும் யாத்திரிகர்கள் இறங்குகிறார்கள். நடுவே சில மீட்டர் தண்ணீர்தான். அதைத் தாண்ட யாருக்கும் அனுமதியில்லை. கிழக்குக் கரையில் உள்ள அல்-மக்தாசை 2015-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பினெகாஸ் செய்த காரியத்தைக் காவிரியிலும் சிலர் செய்து பார்த்தார்கள். 2003-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் 'காவிரிக் குடும்பம்' என்ற பெயரில் ஒன்றுகூடினார்கள். கர்நாடக விவசாயிகள் டெல்டாவின் வறண்ட வயல்களைப் பார்த்தார்கள். நம்மவர்கள் அங்கே போய் அவர்கள் வயலைப் பார்த்தார்கள். பலமுறை பேசியும் பங்கீட்டில் உடன்பாடு எட்டப்படவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம்தான் 177.25 டி.எம்.சி. என்று கணக்கு முடித்தது. ஆனால் அந்த விவசாயிகள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட உட்கார்ந்தபோது, யாரும் யாரையும் எந்தச் சொல்லையும் உச்சரித்துக் காட்டச் சொல்லவில்லை.